முதல் எல்இடியை எரிய வைக்கப் போகிறவர்களுக்கு

ராஸ்பெரி பை வாங்கி மேசையில் வைத்தாயிற்று. பைத்தானில் நாலு வரி எழுதத் தெரியும். ஒரு விளக்கை எரிய வைக்க வேண்டும், ஒரு பட்டனை அமுக்கினால் ஏதாவது நடக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயது பன்னிரண்டோ ஐம்பதோ, பாடம் ஒன்றுதான். லேபில் பிள்ளைகளோடு உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவன் என்பதைத் தவிர அறிவுரை சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது.

நான் கையில் எடுக்கச் சொல்வது ஜிபிஐஓ ஜீரோ என்ற பைத்தான் லைப்ரரி. உங்கள் தலையில் இருக்கிற சுமையில் பாதியை அது இறக்கி வைக்கும். இறங்குவது முழுக்கக் கோடு எழுதும் பக்கத்துச் சுமை. கரண்ட் பக்கத்துச் சுமை அப்படியே இருக்கும். மிச்சப்பட்ட கவனத்தையெல்லாம் அந்தப் பக்கம் திருப்புங்கள் என்பதைத்தான் கீழே வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன்.

1. பழைய வழி எப்படி இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது 2012 பிப்ரவரி 29 அன்று. ஆரம்ப வருஷங்களில் பைத்தானில் பின்களை இயக்க எல்லோரும் பிடித்துக்கொண்டது பென் கிராஸ்டன் எழுதிய ஆர்பிஐ.ஜிபிஐஓ. நல்ல லைப்ரரி. பழைய புத்தகம் எதைப் புரட்டினாலும் அதுதான் இருக்கும். ஆனால் அதில் ஒரே ஒரு எல்இடியை எரிய வைக்க என்னென்ன எழுத வேண்டும் பாருங்கள். முதலில் லைப்ரரியை அழைக்க ஒரு வரி. பின்களை எந்தக் கணக்கில் எண்ணப் போகிறோம் என்று ஒரு வரி. அந்தப் பின் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது என்று அது முணுமுணுத்தால் அதை அடக்க ஒரு வரி. 17ஆம் பின் வழியாகக் கரண்ட் வெளியே போகும், உள்ளே வராது என்று ஒரு வரி. அதற்குப் பிறகுதான் விளக்கு எரியும் வரி. கடைசியில் எல்லாவற்றையும் துடைத்து வைக்க இன்னொரு வரி. இதில் விளக்கைப் பற்றியது எந்த வரி என்று ஒரு சின்னப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? போர்டில் இருப்பதை மந்திரம் மாதிரி பார்த்து எழுதும். ஓர் எழுத்து பிசகினால் முகம் வாடிப்போகும்.

ராஸ்பெரி பை அறக்கட்டளையில் வேலை பார்த்த பென் நட்டால் 2015இல் இதற்கு மாற்றாக ஜிபிஐஓ ஜீரோவைத் தொடங்கினார். டேவ் ஜோன்ஸ் கூடச் சேர்ந்து அதன் உள்வேலையை இழைத்தார். இதில் முதல் வரியில் எல்இடியை அழைக்கிறீர்கள், இரண்டாவது வரியில் அது 17ஆம் பின்னில் இருக்கிறது என்கிறீர்கள், மூன்றாவது வரியில் எரிகிறது. பின் என்ற பேச்சு குறைந்து எல்இடி, பட்டன், பஸ்ஸர், மோட்டார் என்று கையில் இருக்கிற பொருளின் பெயரிலேயே எழுதலாம். ஜீரோ என்று இருப்பதால் பை ஜீரோ போர்டில் மட்டும்தான் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லா மாடலிலும் ஓடும். சடங்கு வரிகள் பூஜ்ஜியம் என்ற பொருளில் டேனியல் போப்பின் பைகேம் ஜீரோ ஆரம்பித்து வைத்த பெயர் வரிசை அது.

2. முதல் நாள் ஃபைலே திறக்காதீர்கள்.

ராஸ்பெரி பை ஓஎஸ்ஸோடு தானி என்ற எடிட்டர் வரும். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக உருவானது. அதில் கீழ்ப்பாதியில் ஷெல் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே ஒரு வரி அடித்து என்டர் தட்டுங்கள், அடுத்த வரி, மறுபடி என்டர். ஆன் என்று அடித்தவுடன் கண்ணெதிரே எரியும், ஆஃப் என்றால் அணையும். எந்த வரி எதைச் செய்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஃபைலாக எழுதி மொத்தமாக ஓட்டினால் விளக்கு எரியாதபோது பத்து வரியையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

3. பின் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் வயரைத் தொடாதீர்கள்.

புதியவர்கள் அதிகம் விழுகிற குழி இதுதான். 2014இல் வந்த பி பிளஸ் மாடலிலிருந்து போர்டின் ஓரத்தில் 40 பின்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. அவற்றை ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவது ஒரு கணக்கு. சிப்புக்குள் அந்தப் பின்னுக்கு வைத்திருக்கும் எண் இன்னொரு கணக்கு. ஜிபிஐஓ ஜீரோ எடுத்துக்கொள்வது இரண்டாவதை. 17 என்று எழுதினால் அது ஜிபிஐஓ 17. வரிசையில் எண்ணினால் அது 11ஆவது பின்.

வரிசையில் எண்ணி 17ஆவது பின்னில் வயரைச் செருகினால் என்ன ஆகும்? அங்கே இருப்பது 3.3 வோல்ட் பவர். எல்இடி உடனே எரியும், பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். ஆஃப் என்று எழுதினால் அணையாது. புரோகிராமை நிறுத்தினாலும் அணையாது. அப்புறம் அரை மணி நேரம் கோடில் தவறு தேடிக்கொண்டிருப்பார்கள். கோடில் ஒரு தவறும் இருக்காது.

டெர்மினலில் பின்அவுட் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். உங்கள் கையில் இருக்கும் அதே மாடலின் படமும் ஒவ்வொரு பின்னின் பெயரும் திரையில் வரும். லைப்ரரியோடு சேர்ந்தே வருகிற வசதி. அதை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டி வையுங்கள்.

4. வயரிங் செய்யும்போது பவர் இருக்கக் கூடாது.

இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்குக் கட்டப்பட்டவை. ஆனால் வரிசையில் 2ஆவது, 4ஆவது பின்களில் 5 வோல்ட் நிற்கிறது. 4ஆவதுக்கு நேர் எதிரில் இருப்பது ஜிபிஐஓ 2. ஒரு வயர் முனை நழுவி இரண்டையும் தொட்டால் அந்தப் பின் போகும், சமயத்தில் சிப்பே போகும். கோடில் பிழை இருந்தால் சிவப்பு எழுத்தில் நாலு வரி வரும், திருத்திக்கொள்ளலாம். கரண்டில் பிழை இருந்தால் ஒரு வரியும் வராது. போர்டு சும்மா இருந்துவிடும், அவ்வளவுதான். ஆகவே முறைப்படி ஷட்டவுன், பிறகு பவர் வயரைப் பிடுங்குவது, பிறகு வயரிங், ஒருமுறை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பது, பிறகு பவர்.

5. ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடி வேண்டாம்.

இல்லாமலும் எரியுமே என்பார்கள். எரியும், எல்இடியையும் பின்னையும் சேர்த்து வதைத்துக்கொண்டு எரியும். ஒரு பின்னிலிருந்து 16 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காதீர்கள் என்பது பொதுக் கணக்கு. 330 ஓம் போட்டால், சிவப்பு எல்இடி தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொண்டது போக மீதி 1.3 வோல்ட்டுக்கு 4 மில்லி ஆம்பியர்தான் ஓடும். வெளிச்சம் தாராளமாக இருக்கும். 330க்கு வண்ணப் பட்டைகள் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. எல்இடியில் நீளமான கால் பிளஸ். கால்களை வெட்டிவிட்ட எல்இடியாக இருந்தால் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் 330, 470, 1 கே என்று மூன்று ரெசிஸ்டர்கள், ஒரு பிரெட்போர்டு, ஜம்பர் வயர், நாலு பட்டன், பத்து எல்இடி வாங்கி வாருங்கள். ஆரம்பத்துக்கு அது போதும். பெரிய கிட் என்று பெட்டியில் அடைத்து விற்பதில் பாதிப் பொருள் தூசி படியும்.

6. பிரெட்போர்டின் நடுவில் இருக்கும் பள்ளத்தை மதியுங்கள்.

ஒரு வரிசையில் ஐந்து ஓட்டைகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைந்தவை. பள்ளத்தைத் தாண்டினால் இணைப்பு கிடையாது. ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் பவருக்கும் கிரவுண்டுக்கும். சில பெரிய போர்டுகளில் இந்த நீளக் கோடு பாதி வழியில் அறுந்திருக்கும். பெயிண்ட் அடித்த கோட்டிலேயே ஒரு இடைவெளி தெரியும், பாருங்கள்.

7. பட்டனைத் திருப்பி வைத்தால் அது எப்போதும் அமுங்கித்தான் இருக்கும்.

நாலு கால் பட்டன் இருக்கிறதல்லவா, அதில் இரண்டிரண்டு கால்கள் உள்ளுக்குள் முன்பே இணைந்தவை. பள்ளத்தின் இரு கரையிலும் கால் ஊன்றுகிற மாதிரி வைத்தால் சரி. தொண்ணூறு பாகை திருப்பி வைத்துவிட்டால், அமுக்காமலே அமுக்கினதாகக் காட்டும். லேபில் ஒரு சிறுமி பட்டன் கெட்டுப்போச்சு என்று மூன்றாவது பட்டனைக் கேட்டு வந்து நின்றாள். எந்தப் பட்டனைக் கொடுத்தாலும் அதே மாதிரிதான் திருப்பிச் செருகிக்கொண்டிருந்தாள். ஒரு குறுக்குவழி சொல்கிறேன்: குறுக்கே எதிரெதிராக இருக்கும் இரண்டு கால்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படித் திருப்பி வைத்தாலும் அந்த ஜோடி சரியாக வேலை செய்யும்.

ஒரு காலைப் பின்னுக்கும் மற்றொன்றைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். ரெசிஸ்டர் வேண்டாமா என்று கேட்பீர்கள். சிப்புக்குள்ளேயே பின்னை மேலே இழுத்துப் பிடித்திருக்கும் ரெசிஸ்டர் ஒன்று உண்டு. நீங்கள் பட்டன் என்று எழுதிய கணமே லைப்ரரி அதை இயக்கிவிடும். சும்மா இருக்கும்போது பின்னில் 3.3 வோல்ட், அமுக்கினால் கிரவுண்டோடு சேர்ந்து பூஜ்ஜியம். பழைய வழியில் அமுக்கினால் பூஜ்ஜியம், விட்டால் ஒன்று என்று தலைகீழாகப் படிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் அங்கேதான் குழம்புவார்கள். இந்த லைப்ரரி அதையும் நேர்ப்படுத்தி, அமுங்கியிருக்கிறதா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் தரும். சிலர் இதை ஏமாற்று வேலை என்கிறார்கள், அடிப்படை தெரியாமல் போய்விடுமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே இழுத்துப் பிடிப்பதைப் பற்றி மூன்றாவது வாரம் சொன்னால் ஆர்வமாகக் கேட்கிறார்கள். முதல் நாள் சொன்னால் ஜன்னலைப் பார்க்கிறார்கள்.

ஒருமுறை அமுக்கியதை இரண்டு மூன்று முறையாக எண்ணினால் பதறாதீர்கள். உள்ளே இருக்கும் தகடு தொட்டவுடன் கொஞ்சம் துள்ளும். பட்டனை அறிமுகப்படுத்தும் வரியிலேயே பவுன்ஸ் டைம் 0.05 என்று சேர்த்துப் பாருங்கள்.

8. பெயரைத் தமிழிலேயே வையுங்கள்.

பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாம், தடையில்லை. வாசல்விளக்கு என்று பெயர் வைத்து, புள்ளி வைத்து, ஆன் என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஓடும். சொற்களுக்கு நடுவே இடம் மட்டும் விடக் கூடாது. எல்இடி1, எல்இடி2 என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து எது எந்த விளக்கு என்று உங்களுக்கே தெரியாது. ஒரு எச்சரிக்கை: ஃபைலுக்கு லைப்ரரியின் பெயரையே வைத்துவிடாதீர்கள். பைத்தான் லைப்ரரியைத் தேடும்போது உங்கள் ஃபைலைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். எல்இடி என்று ஒன்று இல்லவே இல்லை என்று அடம் பிடிக்கும்.

9. அடைப்புக்குறி போடக் கூடாத இடம் ஒன்று உண்டு.

பட்டனை அமுக்கினால் விளக்கு எரிய வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதலாம். பட்டனின் வென் பிரஸ்டு என்ற இடத்தில் விளக்கின் ஆன் என்பதை வைத்துவிட வேண்டும். அதாவது, நீ அமுக்கப்பட்டால் இந்த வேலையைச் செய் என்று பட்டனிடம் வேலையை ஒப்படைக்கிறீர்கள். ஒப்படைக்கும்போது ஆன் என்று மட்டும் எழுத வேண்டும், அதன் வாலில் இரண்டு அடைப்புக்குறி வரக் கூடாது. பழக்க தோஷத்தில் போட்டுவிட்டால் வேலையை ஒப்படைப்பதற்குப் பதிலாக நீங்களே அப்போதே செய்துவிடுகிறீர்கள். விளக்கு உடனே எரியும், பட்டனிடம் கைமாறியது ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எத்தனை தடவை அமுக்கினாலும் அது சும்மா இருக்கும். புதிய பதிப்புகள் இப்படி வெறுங்கையைக் கொடுத்தால் ஓர் எச்சரிக்கை காட்டுகின்றன. அந்த எச்சரிக்கையைப் படியுங்கள்.

இதே இடத்தில் எழுத்துப்பிழை வந்தாலும் லைப்ரரி காப்பாற்றும். சாதாரணமாகப் பைத்தானில் ஒரு பொருளுக்கு இல்லாத பெயரில் எதையாவது வைத்தால் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும், பிழையே காட்டாது. ஜிபிஐஓ ஜீரோவின் பொருள்கள் அப்படி வாங்காது. பிரஸ்டு என்பதில் ஓர் எழுத்து விட்டுப் போனால் இப்படி ஒரு பெயர் என்னிடம் இல்லை என்று அங்கேயே நிறுத்தும். ஆரம்பத்தில் கண்டிப்பாகத் தோன்றும். ஒரு மாலை நேரம் முழுவதையும் மிச்சப்படுத்துகிற கண்டிப்பு.

10. புரோகிராம் முடிந்தால் விளக்கு அணைந்துவிடும்.

டெர்மினலிலிருந்து ஃபைலை ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டு வருவார்கள்: ஷெல்லில் எரிந்த விளக்கு ஃபைலில் ஏன் மின்னிவிட்டு அணைகிறது? புரோகிராம் கடைசி வரியைத் தாண்டியதும் லைப்ரரி தானாகவே எல்லாப் பின்களையும் துடைத்து வைத்துவிடுகிறது. பழைய வழியில் நீங்கள் எழுதிய அந்தத் துடைப்பு வரி இங்கே உள்ளேயே இருக்கிறது. புரோகிராம் காத்துக்கொண்டே இருக்க வேண்டுமானால், பைத்தானின் சிக்னல் மாட்யூலிலிருந்து பாஸ் என்பதை அழைத்துக் கடைசி வரியாகப் போடுங்கள். பட்டனுக்காகக் காத்திருக்கும் எல்லாப் புரோகிராமுக்கும் இது தேவை.

11. பிளிங்க் தெரிந்த பிறகு ஸ்லீப்பைத் தேடாதீர்கள்.

எரி, ஒரு விநாடி தூங்கு, அணை, ஒரு விநாடி தூங்கு என்று முடிவில்லாச் சுற்று எழுதச் சொல்லிக்கொடுப்பது பழைய பாடம். அதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் தூங்குகிற புரோகிராமால் வேறொன்றும் செய்ய முடியாது. பிளிங்க் என்று ஒரு சொல் எழுதினால் விளக்கு பின்னணியில் தன் பாட்டுக்கு மின்னிக்கொண்டிருக்கும், நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விடலாம். எரியும் நேரம், அணையும் நேரம், எத்தனை முறை என்பதை அடைப்புக்குள் கொடுக்கலாம். எல்இடிக்குப் பதில் பிடபிள்யூஎம் எல்இடி என்று அழைத்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பல்ஸ் என்றால் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும்.

12. எல்லாமே பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில்தான்.

இந்த லைப்ரரியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் வேல்யூ என்று ஒன்று உண்டு. விளக்கு அணைந்திருந்தால் 0, முழுதாக எரிந்தால் 1, அரை வெளிச்சம் என்றால் 0.5. பட்டன் அமுங்கினால் 1, விட்டால் 0. திருகு குமிழ் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப 0.3, 0.7. மோட்டார் பின்னோக்கியும் சுழல்வதால் மைனஸ் 1இலிருந்து 1 வரை. உள்ளே எந்தச் சிப் எத்தனை பிட்டில் அளந்தாலும் வெளியே வருவது இந்த ஒரே அளவுகோல்.

அளவு ஒன்றானதால் எதையும் எதோடும் கோக்கலாம். விளக்கின் சோர்ஸ் என்ற இடத்தில் பட்டனை வைத்தால், பட்டன் எப்படியோ விளக்கு அப்படி. அதே இடத்தில் குமிழை வைத்தால், குமிழைத் திருகத் திருக வெளிச்சம் ஏறும். இஃப் கிடையாது, வைல் கிடையாது. நடுவில் சின்னச் சின்ன வடிகட்டிகளும் இருக்கின்றன. நெகேட்டட் என்றால் தலைகீழாக்கும், ஆல் வேல்யூஸ் என்றால் இரண்டு பட்டனும் ஒரே நேரத்தில் அமுங்கினால்தான் விடும். பிள்ளைகளிடம் இரண்டு பட்டன், ஒரு விளக்கு, இஃப் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். ஒரே அறைக்குள் மாடிப்படி விளக்கு, வங்கி லாக்கர் என்று என்னென்னவோ வரும்.

பழைய எடுத்துக்காட்டுகளில் சோர்ஸுக்கு எதிரில் பட்டனோடு வேல்யூஸ் என்றும் எழுதியிருக்கும். 1.5ஆம் பதிப்பிலிருந்து அது தேவையில்லை, பட்டன் பெயரே போதும். பழைய முறையும் ஓடும்.

13. குமிழை நேராகப் பையில் செருக முடியாது.

பையின் பின்களுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டு மட்டும்தான் தெரியும். கொஞ்சம் என்பது தெரியாது. எம்சிபி3008 என்ற சின்னச் சிப் நடுவில் வேண்டும். எட்டுக் குமிழ் வரை பார்த்துக்கொள்ளும், ஒவ்வொன்றையும் 1024 படிகளாக அளக்கும். அந்த 1024ஐ நீங்கள் பார்க்கவே வேண்டாம், லைப்ரரி 0இலிருந்து 1க்குள் சுருக்கித் தந்துவிடும். வெளிச்சத்தை மட்டும் உணர்ந்தால் போதுமென்றால் சிப் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. எல்டிஆர் என்ற ஒளி உணரும் ரெசிஸ்டரோடு 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால், அது நிரம்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை வைத்து லைட் சென்சார் வெளிச்சத்தைக் கணிக்கும். இருட்டில் நிரம்ப அதிக நேரமாகும், வெளிச்சத்தில் சட்டென்று நிரம்பும். யாரோ ஒரு நல்ல மூளை யோசித்த வழி.

14. தூரம் அளக்கும் சென்சாரில் எக்கோ காலைக் கவனியுங்கள்.

எச்.சி-எஸ்ஆர்04 எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். இரண்டு கண் மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு அதன் மேல் ஒரு ஆசை. ஒன்று நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைப் பிடிக்கும். ஒலி போய் வந்த நேரத்தைத் தூரமாக மாற்றும் கணக்கை லைப்ரரி செய்து, மீட்டரில் கையில் தரும். கோடு மூன்றே வரி. ஆனால் இது 5 வோல்ட்டில் ஓடுகிற சாமான். ஒலி போய் வரும் நேரம் முழுக்க எக்கோ காலில் 5 வோல்ட்டை அப்படியே அனுப்பும். அதை நேராகப் பின்னில் கொடுத்தால் நாலாவது எண்ணில் சொன்ன கதைதான். எக்கோவிலிருந்து பின்னுக்கு 330 ஓம், அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 470 ஓம் போடுங்கள். 5 வோல்ட் 2.94ஆக இறங்கும், பைக்கு அது போதும். கையில் மல்டிமீட்டர் இருந்தால் பையோடு இணைப்பதற்கு முன்பே 5 வோல்ட்டை இந்த இரண்டு ரெசிஸ்டருக்கும் கொடுத்து நடுவில் அளந்து பாருங்கள். 330ஐயும் 470ஐயும் மாற்றிப் போட்டால் 2 வோல்ட்தான் வரும். அதில் ஆபத்தில்லை, ஆனால் பை அதை ஒழுங்காகப் படிக்காமல் போகலாம்.

சும்மா விட்டால் ஒரு மீட்டர் வரைதான் அளக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் மேக்ஸ் டிஸ்டன்ஸ் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு தள்ளி நின்றாலும் 1 என்றே காட்டுகிறது என்று யாராவது வந்தால் காரணம் இதுதான்.

15. மோட்டாரைப் பின்னில் கட்டாதீர்கள்.

விளையாட்டுக் கார் மோட்டார்கூட நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சக்கரம் சிக்கி நின்றால் பல மடங்கு. எல்298என் மாதிரி ஒரு டிரைவர் போர்டு நடுவில் வேண்டும், மோட்டாருக்குத் தனி பேட்டரி வேண்டும். பேட்டரியின் மைனஸையும் பையின் கிரவுண்டையும் ஒரு வயரால் இணைக்க மறக்கவே கூடாது. ரோபோ ஓடாமல் நிற்கும் இடங்களில் பெரும்பாலும் நான் தேடுவது அந்த ஒரு வயரைத்தான். முன்னே போ என்றால் பின்னே போகிறதா? கோடை மாற்ற வேண்டாம், மோட்டாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கட்டுங்கள்.

16. போர்டு எல்லோருக்கும் இல்லையென்றால் பாடம் நிற்க வேண்டியதில்லை.

ஜிபிஐஓ ஜீரோவுக்குள் பின் ஃபேக்டரி என்று ஓர் அடுக்கு இருக்கிறது. உண்மையான பின்னோடு பேசுவது அதுதான். அந்த இடத்தில் மாக் என்பதை வைத்துவிட்டால் சாதாரண லேப்டாப்பிலேயே, ஒரு வயர்கூட இல்லாமல், புரோகிராம் ஓடும். பட்டனின் பின்னைக் கீழே இறக்கு என்று கோடிலேயே சொல்லி அமுக்கினதாகப் பாவனை செய்யலாம், விளக்கு எரிகிறதா என்று கேட்கலாம். ஆசிரியர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு ஐந்து போர்டு இருந்தால், லேப்டாப்பில் கோடைச் சரிபார்த்துவிட்டுப் போர்டுக்கு வா என்று சொல்லலாம். போர்டின் முன்னால் கிடைக்கும் நேரம் முழுவதும் வயரிங்குக்கு மிச்சமாகும்.

17. பழைய கோடைப் பார்த்து எழுதும்போது போர்டின் வயதைப் பாருங்கள்.

2023இல் வந்த பை 5இல் பின்களைக் கவனிக்கும் வேலை ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டது. அதற்கு முன் எழுதிய ஆர்பிஐ.ஜிபிஐஓ, பிரதான சிப்பின் உள்ளே நேராகக் கை விட்டுப் பின்னை இயக்கும் பழக்கமுள்ளது. அதனால் பை 5இல் அது அப்படியே ஓடாது. ஜிபிஐஓ ஜீரோவில் எழுதியவர்களுக்கு ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டி வரவில்லை, அடியில் இருக்கும் ஃபேக்டரி மட்டும் எல்ஜிபிஐஓவாக மாறியது. சடங்கு வரிகளை ஒழித்ததைவிட இதுதான் அந்த லைப்ரரியின் பெரிய உபகாரம் என்பேன்.

லைப்ரரி ஓஎஸ்ஸோடு சேர்ந்தே வரும், தனியாகப் போட வேண்டியதில்லை. 2023க்குப் பிந்தைய ஓஎஸ்ஸில் பைத்தான் லைப்ரரிகளைப் போடும் பிப் மூலம் எதையாவது போடப் போனால், இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார் என்று மறுக்கும். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் அமைத்துக்கொள்ளுங்கள், அமைக்கும்போது சிஸ்டத்தின் பேக்கேஜ்களும் உள்ளே தெரியும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் நேற்று வரை இருந்த ஜிபிஐஓ ஜீரோ இன்று காணோம் என்று வந்து நிற்பீர்கள்.

18. லினக்ஸிடம் மைக்ரோ விநாடி கேட்காதீர்கள்.

சர்வோ மோட்டார் நடுங்கும், தூரம் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே தாவும். லைப்ரரி மேல் பழி போடாதீர்கள். பையில் ஓடுவது முழு ஓஎஸ், அதற்கு ஆயிரம் வேலை. துல்லியமான நேரம் வேண்டிய வேலைக்கு 2021இல் வந்த பிக்கோ போர்டை எடுங்கள். அதில் ஓஎஸ் கிடையாது, உங்கள் புரோகிராம் மட்டும்தான். மைக்ரோபைத்தானில் எழுதலாம், பிக்கோஜீரோ என்று இதே பாணியில் ஒரு லைப்ரரியும் இருக்கிறது. குமிழை நேராகச் செருக மூன்று பின்களும் உண்டு.

19. உதவி கேட்டு எழுதும்போது மூன்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. முழுக் கோடு, வந்த சிவப்பு எழுத்து கடைசி வரி வரை, வயரிங்கின் படம். படத்தை நேர் மேலிருந்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். வயர்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றும் எந்தப் பின்னில் ஏறுகிறது, பிரெட்போர்டில் எந்த எண் வரிசையில் இறங்குகிறது என்று தெரிகிற மாதிரி எடுங்கள். அப்படி எடுக்கும்போதே, நான் பார்த்தவரையில், பாதிப் பேர் படத்தை அனுப்பாமல் வயரை இடம் மாற்றப் போய்விடுகிறார்கள்.